மங்கிய ஒளிக்குச் சாட்சிகள்

ஆழ்வார்பேட்டையிலிருந்து அண்ணா மேம்பாலத்தை நோக்கிச் செல்லும் கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்தது, அதன் ஓரத்தில் நிற்கும் புனித ஜார்ஜ் பேராலயம். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது இங்கேதான். அப்பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களுள் ஒருவர் நார்மன் ராபர்ட் போக்சன். 1829-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்து, 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்தவர். அச்சாலையில் நாள்தோறும் செல்லும் பல்லாயிரவருள் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் உலகில் எங்கேனும் ஒருவர் தொலைநோக்கியில் ஒரு விண்மீனைக் கண்டு, “இதன் ஒளித்தரம் இவ்வளவு” என்று எழுதினால், அவர் கையாள்வது போக்சன் வகுத்த அளவுகோலையே.

வீட்டு மொட்டை மாடியில் சிறு தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்ப்போர் நம் நகரிலும் உண்டு. நிலவையும் சனியின் வளையத்தையும் கண்டு மகிழ்ந்த பின் அவர்களுள் சிலர் ஒண்முகில்களை, அதாவது நெபுலாக்களைத் தேடத் தொடங்குவர். வெண்புகைபோல் மங்கித் தெரியும் அவற்றின் ஒளி எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிட முயலும்போது, “நான் கண்டது உண்மையா, அல்லது காண விரும்பியதைக் கண்டேனா?” என்ற கேள்வி எழாமற் போகாது. இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான சில பக்கங்கள் நம் சென்னையில் எழுதப்பட்டவை.

அளவுகோல் பிறந்த கதை

கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஆறு தரங்களாகப் பிரிக்கும் வழக்கம் கிரேக்கர் காலத்திலிருந்தே இருந்துவந்தது. மிகுந்த ஒளியுள்ளவை முதல் தரம். கண்ணுக்கு எட்டும் எல்லையில் உள்ளவை ஆறாம் தரம். தொலைநோக்கி வந்தபின் ஏழு, எட்டு, ஒன்பது எனத் தரங்கள் நீண்டன. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணின் போக்கில் எண்ணிட்டதால், ஒருவரின் ஒன்பதாம் தரம் மற்றொருவருக்குப் பத்தாம் தரமாயிற்று. ஊருக்கொரு படியும் மரக்காலும் இருந்த காலத்துச் சந்தையைப் போன்ற குழப்பம் வானியலிலும் நிலவியது.

1856-இல், ஆக்ஸ்போர்டு இராட்கிளிஃப் வானாய்வு நிலையத்தில் உதவியாளராயிருந்த இளைஞர் போக்சன், குறுங்கோள்களின் ஒளியைக் கணிக்கும் ஒரு கட்டுரையில் இதற்குத் தீர்வு சொன்னார். முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியுள்ளது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஐந்து படிகளில் நூறு மடங்கு என்றால், ஒரு படிக்கு 2.512 மடங்கு. இதையே எல்லாரும் கொள்ளலாம் என்றார் அவர். அன்று பெரிதாகக் கவனிக்கப்படாத அந்த எண் பின்னர் உலக வழக்காயிற்று.

ஏன் கூட்டாமல் பெருக்க வேண்டும்? நம் கண் அமைந்த விதம் அப்படி. பாஸ்கா திருவிழிப்பில் இருண்ட ஆலயத்திற்குள் பாஸ்காத் திரி ஒன்று நுழையும்போது எல்லாக் கண்களும் அதன்மேல் திரும்புகின்றன. மக்கள் கையிலுள்ள ஆயிரம் மெழுகுதிரிகளும் எரியத் தொடங்கிய பின் மற்றொன்றை ஏற்றினால் எவரும் அறியார். கூடிய ஒளி ஒன்றே. கண் உணர்ந்ததோ வேறு. எவ்வளவு கூடியது என்பதைவிட எத்தனை மடங்காயிற்று என்பதையே கண் உணர்கிறது. போக்சனின் அளவுகோல் கண்ணின் இந்த இயல்பைத் தழுவியது.

ஒண்முகிலை அளப்பதன் அருமை

விண்மீனின் ஒளியை மதிப்பிடுவது ஓரளவு எளிது. அதைவிடச் சற்று ஒளி மிகுந்த ஒன்றையும், சற்றுக் குறைந்த ஒன்றையும் அருகில் தேர்ந்து, இரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று கணித்தால் போதும். பயின்ற கண், தரத்தின் பத்தில் ஓரிரு பங்கு வரை சரியாகச் சொல்லும்.

ஒண்முகிலோ புள்ளியன்று, பரப்பு. வாசலில் ஒரு கைப்பிடிக் கோலமாவை ஓரிடத்தில் குவித்தால் தொலைவிலிருந்தே வெண்மை தெரியும். அதே மாவை முற்றம் முழுவதும் தூவினால் அருகில் நின்றாலும் தெரிவதில்லை. மாவின் அளவு மாறவில்லை, பரவியதால் மங்கிவிட்டது. எனவே பட்டியலில் எட்டாம் தரம் என்றிருக்கும் ஒண்முகில், எட்டாம் தர விண்மீன்போல் எளிதில் தென்படும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

இன்னொன்றும் உண்டு. தொலைநோக்கி எவ்வளவு பெரிதாயினும், பரப்புள்ள பொருளின் ஒளிச்செறிவை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட அது கூட்டித் தருவதில்லை. திரட்டிய ஒளியை அது பெரிய உருவமாகப் பரப்பிக் காட்டுகிறது; அவ்வளவே. விண்மீனைப் புள்ளியாகவே வைத்து அதன் ஒளியைப் பெருக்கிக் காட்டும் அதே கருவி, ஒண்முகிலுக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

ஆகவே நோக்குவோர் சில பழக்கங்களைக் கற்றனர். அரைமணி நேரமாவது இருளில் இருந்து கண்ணைப் பழக்க வேண்டும். மங்கிய பொருளை நேரே பார்க்காமல் சற்று விலகிப் பார்க்க வேண்டும். ஏனெனில் மெல்லிய ஒளியை உணரும் அணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும் உள்ளன. பின்னர் ஒண்முகிலின் தோற்றத்தை நினைவில் நிறுத்திக்கொண்டு, தரம் தெரிந்த விண்மீன் ஒன்றை நோக்கி, குவியத்தைத் தளர்த்தி, அது ஒண்முகிலின் அளவுக்குப் பரந்து மங்கும்படி செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். வால்மீன்களின் ஒளியை மதிப்பிடுவோர் இன்றும் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

1860-ஆம் ஆண்டின் மே மாதம்

விருச்சிக இராசியில் கேட்டை என்னும் செந்நிற விண்மீனுக்கும், அனுஷக் கூட்டத்தின் வடக்கு விண்மீனுக்கும் ஏறத்தாழ நடுவே வட்டமான மங்கிய ஒளித்திட்டு ஒன்று உள்ளது. பிரெஞ்சு வானியலார் மெசியே 1781-இல் தம் பட்டியலில் அதற்கு 80 என்று எண்ணிட்டார். அவர் கருவிக்கு அது விண்மீனற்ற ஒண்முகிலாகவே தெரிந்தது. உண்மையில் அது சுமார் முப்பதாயிரம் ஒளியாண்டுத் தொலைவில், பல இலட்சம் விண்மீன்கள் பந்துபோல் செறிந்திருக்கும் கூட்டம்.

1860-இல் போக்சன் இங்கிலாந்தின் ஹார்ட்வெல் வானாய்வு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்த ஒளித்திட்டுக்கு அருகில் ஒளி மாறும் விண்மீன்கள் இரண்டு உண்டு. அவற்றை முறையாக நோக்கிவந்ததால், இதுவும் அவர் பார்வையில் அடிக்கடி பட்டது. மே 9 அன்று அது வழக்கம்போலவே இருந்தது. மே 28 அன்று, ஒண்முகில் இருந்த இடத்தில் ஏறத்தாழ ஏழரைத் தரமுள்ள விண்மீன் ஒன்று ஒளிர்வதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். ஜூன் 10 அன்று அவ்விண்மீன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கூட்டத்தின் நடுப்பகுதி மட்டும் வழக்கத்தைவிட ஒளியுடன் விளங்கியது.

ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் உலகம் நம்பியிருக்குமா? ஹார்ட்வெல்லிலிருந்து பார்த்தால் விருச்சிகத்தின் அப்பகுதி அடிவானத்துக்கு மேல் 15 பாகை அளவே உயரும். அங்கே மூடுபனியும் காற்றின் நடுக்கமும் மிகுதி. தவறு நேர்ந்திருக்கலாம் என்று தள்ளிவிடக் காரணங்கள் இருந்தன. ஆனால் கோனிக்ஸ்பெர்க் நகரில் அவ்வர்ஸ் என்ற வானியலார், போக்சனுக்கு ஒரு வாரம் முன்பே, மே 21 அன்று அதே விண்மீனைக் கண்டிருந்தார். மே 18 அன்று அங்கே அது இல்லை என்பதும் அவரது குறிப்பில் இருந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவர், வெவ்வேறு நாட்டிலிருந்து ஒன்றையே உரைத்தனர். பந்துவடிவக் கூட்டம் ஒன்றில் கண்டறியப்பட்ட முதல் நோவா அதுவே. தன் துணையிடமிருந்து வாயுவை ஈர்த்த ஒடுங்கிய விண்மீன் ஒன்று பொங்கி, சில நாள்களுக்கு இலட்சக்கணக்கான விண்மீன்களின் கூட்டொளிக்கு ஈடாக ஒளிர்ந்து அடங்கியிருந்தது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. மே 28-ஆம் நாளின் வியப்புக்குப் பொருள் தந்தது மே 9-ஆம் நாளின் சாதாரணக் குறிப்பு. “வழக்கம்போல இருந்தது” என்று எழுதிவைத்த, புதுமை ஏதுமற்ற இரவு இல்லாவிடில், புதுமை நேர்ந்த இரவு வெறும் ஐயமாகவே நின்றிருக்கும்.

நுங்கம்பாக்கத்து இரவுகள்

1861-இன் தொடக்கத்தில் போக்சன் சென்னை வந்தார். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வு நிலையம் அது. அன்றைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் காக்கப்பட்டுவருகிறது. அதில் பொறித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் மாதம், போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். ஹார்ட்வெல்லில் 15 பாகை உயரத்தில் தவழ்ந்த அந்த ஒளித்திட்டு, இங்கே 54 பாகை உயரத்தில் ஏறி நின்றது.

அவருக்குத் துணை நின்றவர்களுள் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதமும் மேலைக் கருவிகளின் நுட்பமும் ஒருங்கே அறிந்தவர். 1867 ஜனவரியில் தென்வானத்தில் ‘ஆர் ரெட்டிகுலை’ என்னும் விண்மீன் ஒளி மாறுவது என்று அவர் கண்டறிந்தார். சென்னையில் 14 பாகை உயரத்துக்குமேல் எழாத விண்மீன் அது. ஏறத்தாழ 278 நாள்களில் அதன் ஒளி ஆறரைத் தரத்திலிருந்து பதினான்காம் தரம் வரை, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காக இறங்கி மீள்கிறது. ஒரே இரவு பார்த்து எவரும் மாறொளி மீனைக் கண்டுபிடிக்க இயலாது. முன்னைக் குறிப்பும் இன்றைய காட்சியும் நேர்நின்று முரண்பட வேண்டும்; முரண்பாட்டைப் பிழையென்று ஒதுக்காத மனமும் வேண்டும். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த வெள்ளிக் கடப்பைப் பொதுமக்கள் அறியும்பொருட்டு அவர் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் நூல் வெளியிட்டார். 1880-இல் மறைந்தார்.

ஆனால் எல்லாச் சாட்சியத்துக்கும் துணைச் சாட்சி வாய்ப்பதில்லை. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிமீன்கள் மழைபோல் பொழிந்தன. முன்பு சிதைந்துபோன பியேலா வால்மீன் பூமியை உரசிச் சென்றது என்று எண்ணிய ஜெர்மானிய வானியலார் கிளிங்கர்ஃப்யூஸ், தென்வானில் ஓரிடத்தைக் குறித்து, அங்கே தேடுமாறு சென்னைக்குத் தந்தி அனுப்பினார். டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களின் விடியற்காலையில் போக்சன் அங்கே வால்மீன் ஒன்றைக் கண்டார். இரண்டாம் நாளில் மெல்லிய வாலும் தெரிந்தது. பிறகு மேகம் சூழ்ந்தது. வேறெவரும் அதைக் காணவில்லை. பிற்காலக் கணக்குகளின்படி அது பியேலா வால்மீனாக இருக்க இயலாது. பின் அது எது? சென்னையின் வடகிழக்குப் பருவமழை மேகங்களுக்குப் பின்னால் மறைந்த அந்த வால்மீன் இன்றுவரை விடையற்ற வினாவாகவே போக்சனின் பெயருடன் பட்டியலில் நிற்கிறது. அறிவியல் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை; அவர் சொன்னதை முடிவாகவும் கொள்ளவில்லை. குறித்துவைத்துக் காத்திருக்கிறது.

வத்திக்கான் கோபுரத்தில்

போக்சன் இறந்த அதே 1891-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வத்திக்கான் வானாய்வு நிலையத்தைப் புத்துயிர் பெறச் செய்தார். 1906 முதல் 1930-இல் இறக்கும் வரை அதன் இயக்குநராயிருந்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த இயேசு சபைத் துறவி அருட்தந்தை யோகான் ஹேகன். மாறொளி மீன்களுக்கென அவர் 1899 முதல் வெளியிட்ட வரைபடத் தொகுதிகள், உலகெங்கும் நோக்குவோருக்குக் கைவிளக்காயின. அதற்கு முன் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுனில் பணியாற்றியபோது 1902-இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொண்ட இளம் செவிலியர் எலிசபெத் ஹெசல்பிளாட் 2016-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆன்ம வழிகாட்டியாகவும் அறிஞராகவும் மதிக்கப்பட்டவர் ஹேகன்.

முதிய வயதில் அவர் கடினமான பணி ஒன்றை மேற்கொண்டார். வானத்து ஒண்முகில்கள் ஒவ்வொன்றையும் தொலைநோக்கியில் கண்ணாலேயே மீண்டும் பார்த்து, ஒளியை மதிப்பிட்டுப் பட்டியலிடும் பணி. அதில் ஈடுபட்டிருந்தபோது வானத்தின் பரந்த பகுதிகளில் மிக மெல்லிய திரைபோன்ற முகில்கள் கிடப்பதை அவர் கண்டார். ஆண்டுக்கணக்கில் அவற்றைப் பதிவு செய்தார். ஆனால் ஒளிப்படத் தட்டுகளில் அவை பதியவில்லை. வேறு சிலரும் தாங்கள் கண்டதாகக் கூறினர்; பெரும்பாலோர்க்குத் தெரியவில்லை. முடிவில், கருவிக்கும் கண்ணுக்கும் இடையே எழுந்த தோற்றமே அவை என்ற கருத்து நிலைபெற்றது. ஒண்முகில்களை ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்த வில்லியம் ஹெர்ஷலுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1811-இல் அவர் மெல்லிய ஒளிப்பரப்பு உள்ளதாகக் குறித்த 52 இடங்களை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஐசக் ராபர்ட்ஸ் ஒளிப்படமெடுத்தார். நான்கில் மட்டுமே ஒளிப்பரப்பு பதிந்தது.

ஹேகன் பொய் சொன்னாரா? இல்லை. கண்டதையே சொன்னார். நேர்மை சாட்சியத்துக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. இருவர் அல்லது மூவர் சாட்சியத்தாலேயே எதுவும் உறுதியாக வேண்டும் என்று இணைச்சட்ட நூல் வகுத்த நெறி, மனிதரின் பொய்யை மட்டுமன்று, உண்மையான மனிதரின் தவறையும் கருத்திற்கொண்டது போலும். தனி மனிதர் பெற்ற காட்சிகளை உடனே ஏற்காமல், ஏளனமும் செய்யாமல், ஆண்டுகள் பல எடுத்து ஆராயும் திருச்சபையின் வழக்கம் நம்மில் சிலருக்குப் பொறுமையின்மையைத் தரக்கூடும். ஹேகனின் கதையை அறிந்தவர் அந்தத் தாமதத்தின் தேவையை உணர்வர்.

இன்றைய மாடிகளில்

போக்சன் மாறொளி மீன்களைப் பற்றி எழுதிய குறிப்புகளுட் பல அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1908-இல், 31 விண்மீன்கள் பற்றிய அவர் குறிப்புகள் இலண்டனில் தொகுத்து வெளியிடப்பட்டன. எவர் படிப்பார் என்று அறியாமல் எழுதப்பட்டவை அவை. சென்னையில் வானாய்வு 1899-இல் முடிவுற்று, கொடைக்கானலுக்கு மாறியது.

இன்று ஆழ்வார்பேட்டையின் மாடி ஒன்றில் தொலைநோக்கியை நாட்டுபவருக்குப் போக்சனுக்கு இல்லாத தடை ஒன்று உண்டு. நகரின் விளக்கொளி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. விண்மீன் புள்ளியாகையால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பரந்த ஒண்முகில் அந்த வெளுப்பில் கரைந்துபோகும். ஆயினும் மே, ஜூன் மாதத் தெளிந்த இரவுகளில் கேட்டைக்கு மேலே அந்த எண்பதாம் ஒளித்திட்டு செறிவாயிருப்பதால் சிறு தொலைநோக்கிக்கும் எட்டும். அருகிலுள்ள விண்மீன்களுடன் ஒப்பிட்டு அதன் ஒளியை எவரும் மதிப்பிடலாம். நாள், நேரம், நிலவின் நிலை, வானத்தின் தெளிவு ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். பட்டியலில் உள்ள எண்ணை முன்கூட்டியே பார்த்துவிட்டு அதற்கேற்பத் தன் கண்ணை வளைக்கலாகாது. மனம் தான் அறிந்ததையே கண்டதாகச் சொல்லிவிடும்.

பெரிய கருவிகளும் மின்னணு உணரிகளும் நொடியில் அளக்கும் இக்காலத்தில் இப்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். அளவைக் கருவி தந்துவிடும். ஆனால் கண்டதைக் கண்ட அளவுக்கே சொல்லும் பழக்கத்தை மனிதன்தான் கற்க வேண்டும். அயலாரைப் பற்றிக் கேட்டதைக் கண்டதாகவும், ஐயத்தை உறுதியாகவும் பேசிவிடுகிற நமக்கு, ஒரு மங்கிய ஒளியின் முன் அரைமணி நேரம் மௌனமாயிருந்து, ஒப்பிட்டுப் பார்த்து, “ஏறத்தாழ ஏழரை, உறுதியில்லை” என்று எழுதக் கற்பது சிறிய பயிற்சியன்று. அவ்வாறு எழுதப்பட்ட ஒரு வரி, என்றோ ஒருநாள் வேறொருவர் காணும் வியப்புக்கு மே 9-ஆம் நாள் குறிப்பாக அமையக்கூடும்.